பதிவில்லாத சிகிச்சையாளர்மீது 12 வாரத் தடை: வீகேட் மறுஆய்வு கைகொடுக்குமா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பதிவு பெறாத சிகிச்சையாளர்மீது விழும் இடைக்காலத் தடை ஆணையின் ஆயுள் அதிகபட்சம் 12 வாரம், அதாவது 84 நாள். அதை மறுஆய்வு செய்யும் இடம் விக்டோரியா மாநிலத்தின் சிவில், நிர்வாகத் தீர்ப்பாயம். எல்லோர் வாயிலும் அது வீகேட். இந்த மறுஆய்வு பணம் கொடுத்துப் போகத் தகுந்த சேவையா என்று கேட்டால், முதலில் நாள்காட்டியைத்தான் திறக்க வேண்டும். “நான் தப்பே செய்யவில்லை என்று நிரூபிக்கிறேன்” என்று முழு விசாரணைக்குக் காத்திருந்தால், தீர்ப்பு வருவதற்குள் ஆணையே காலாவதியாகிவிடும். ஆணையை உடனே நிறுத்திவைக்கக் கேட்டோ, அதன் அகலத்தைக் குறைக்கக் கேட்டோ முதல் வாரத்திலேயே போனால், இது உருப்படியான சேவை.

யாருக்கு இது பொருந்தும் என்பதில் நம்மவர்களிடம் நிறையக் குழப்பம் இருக்கிறது. ஆப்ரா என்னும் தேசியப் பதிவு அமைப்பின்கீழ் வருபவை 16 தொழில்கள். மருத்துவர், செவிலியர், பல்மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், 2012 ஜூலை முதல் சீன மருத்துவர் ஆகியோர் அதில் உண்டு. சித்தம், ஆயுர்வேதம், நேச்சுரோபதி, மசாஜ், கவுன்சலிங், ஹிப்னோதெரபி ஆகியவற்றுக்கு அங்கே பதிவே கிடையாது. இந்தியாவிலோ இலங்கையிலோ முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய சித்த வைத்தியரும் மெல்பர்னில் சட்டத்தின் கண்ணுக்குப் பதிவில்லாதவர்தான். பதிவில்லாதவரிடம் பறிப்பதற்குப் பதிவும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்தது 2016ஆம் ஆண்டின் சுகாதாரப் புகார்கள் சட்டம். 2017 பிப்ரவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பதிவுள்ள ஒருவர் தன் தொழிலுக்கு வெளியே வேறு சிகிச்சை செய்தால், அந்தச் சிகிச்சையும் இதே சட்டத்துக்குள் வந்துவிடும்.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது. பாதுகாப்பாகவும் நெறியோடும் சிகிச்சை தர வேண்டும், ஒப்புதல் பெற வேண்டும், தொற்றுத் தடுப்பு பேண வேண்டும், புற்றுநோய் போன்ற கடும் நோயைக் குணமாக்குவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது, வாடிக்கையாளரைப் பணத்துக்காகச் சுரண்டக் கூடாது, பாலியல் அத்துமீறல் கூடாது, பதிவேடு வைக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும் என்று அது போகிறது. பிறந்த நாட்டில் எப்படியிருந்தாலும், “சர்க்கரையை வேரோடு அறுக்கிறேன், மாத்திரையை நிறுத்துங்கள்” என்று முகநூலில் போடுகிறவர் இந்த விதிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் மாட்டுவார்.

இடைக்கால ஆணை பிறப்பிக்க, சுகாதாரப் புகார் ஆணையர் இரண்டு படி ஏற வேண்டும். ஒன்று, விதித்தொகுப்பு மீறப்பட்டது என்றோ, குறிப்பிட்ட வகைக் குற்றத்துக்கு அவர் தண்டிக்கப்பட்டவர் என்றோ நியாயமான நம்பிக்கை ஏற்பட வேண்டும். இரண்டு, ஒருவருடைய உயிர், உடல்நலம், பாதுகாப்பு, நலன் ஆகியவற்றுக்கோ, பொதுமக்களின் நலத்துக்கோ வரக்கூடிய கடுமையான ஆபத்தைத் தவிர்க்க ஆணை தேவை என்று திருப்தி ஏற்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். மறுஆய்வுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் முதல் படியிலேயே மல்லுக்கு நின்று நேரத்தைத் தொலைக்கிறார்கள். அந்தப் படியைச் சாய்ப்பது மிகக் கடினம். நம்பிக்கைக்கு முழுச் சாட்சியம் வேண்டியதில்லை. நியாயமான ஒருவர் மனத்தை அந்தப் பக்கம் சாய வைக்கும் அளவுக்கு உண்மைகள் இருந்தால் போதும். 1990இல் ஜார்ஜ் எதிர் ரொக்கெட் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வகுத்துத் தந்த அளவுகோல் அதுதான். (நம் நாட்டு வழக்கத்துக்கு மாறாக, அங்கே உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேலே.) ஒரே ஒரு புகார்தாரரின் தெளிவான வாக்குமூலம்கூட முதல் படிக்குப் போதுமானதாகிவிடலாம்.

இரண்டாம் படியில்தான் வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆபத்து கடுமையானதா? அது இன்றைக்கும் இருக்கிறதா? அதைத் தவிர்க்க இத்தனை அகலமான தடை தேவையா, குறுகிய நிபந்தனை போதாதா?

அகலம் என்பதன் பொருள் ஆணையைக் கையில் எடுத்துப் படித்தால்தான் புரியும். அரசிதழில் வெளியாகும் ஆணை ஒரு சின்ன அட்டவணைபோல இருக்கும்: பெயர், ஆணை பிறந்த தேதி, முடியும் தேதி, ஆணையின் விளைவு. கவனமாகப் படிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கட்டம். வழக்கமாக வரும் வாசகத்தின் சாரம் இது: நேரடியாகவோ மறைமுகமாகவோ, கட்டணத்துக்கோ இலவசமாகவோ, எந்தப் பொதுச் சுகாதாரச் சேவையையும் (பதிவுள்ள தொழில்களுக்கு வெளியே வரும் சிகிச்சைகளுக்குச் சட்டம் வைத்த பெயர் அது) விளம்பரம் செய்யக் கூடாது, செய்ய வைக்கக் கூடாது, அளிக்க முன்வரக் கூடாது, அளிக்கக் கூடாது, அப்படிப்பட்ட சேவை தரும் தொழிலைத் தொடங்கவோ இயக்கவோ கூடாது. அது மட்டும் போதாதென்று, ஆணையின் பிரதியைத் தொழில் செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், இணையதளத்தின் முகப்பிலும் போட வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் சேர்ந்து வரும்.

இதில் “மறைமுகமாக” என்ற ஒற்றைச் சொல்தான் பலரைக் கவிழ்க்கிறது. கிளினிக் மனைவி பெயரில் இருக்கிறது, நான் வரவேற்பு மேசையில்தான் உட்காருகிறேன் என்பது தப்பிக்கும் வழியல்ல. “இலவசமாகவோ” என்ற சொல் இருந்தால் கோயில் மண்டபத்தில் சும்மா கை பிடித்து நாடி பார்ப்பதும் அதில் அடங்கும். முன்பதிவுச் செயலியில் பெயர் ஓடிக்கொண்டே இருந்தால் அது விளம்பரம். ஆணையை மீறுவது குற்றம். தனிநபருக்கு 2 ஆண்டு வரை சிறையும் பெரிய அபராதமும் உண்டு. ஆகவே ஆணை கிடைத்த நாளே செய்ய வேண்டியவை: முன்பதிவுப் பக்கத்தை மூடுவது, கூகுள் வணிகப் பக்கத்தை நிறுத்துவது, பழைய முகநூல் விளம்பரங்களை எடுப்பது, வர இருந்தவர்களுக்குச் சந்திப்பு ரத்து என்று செய்தி அனுப்புவது. ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பின்னால் தீர்ப்பாயத்தில் “ஆணையை மதித்து நடந்தவர்” என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது. மாறாக, தடைக்குப் பிறகும் ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததாகத் தெரிந்துவிட்டால், நிபந்தனை போடுங்கள், கட்டுப்படுகிறேன் என்று கேட்கும் வாயே அடைபட்டுவிடும்.

இனி தீர்ப்பாயம் தரும் சேவைக்கு வருவோம்.

மறுஆய்வு என்றால் ஆணையர் எங்கே பிழை விட்டார் என்று தேடுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வாய்ப்பு இது. தீர்ப்பாயம் ஆணையரின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, சரியான அல்லது சாலச் சிறந்த முடிவு எது என்று புதிதாகப் பார்க்கும். 1998ஆம் ஆண்டின் வீகேட் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி அது முடிவை உறுதி செய்யலாம், மாற்றலாம், நீக்கிவிட்டு வேறு முடிவை வைக்கலாம், திரும்பப் பரிசீலிக்கும்படி அனுப்பலாம். ஆணைக்குப் பிறகு நடந்தவற்றையும் பொதுவாக அது கணக்கில் எடுக்கும். 2008இல் ஷி வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு கூட்டரசுத் தீர்ப்பாயத்தைப் பற்றி அப்படித்தான் சொன்னது: சட்டம் வேறுவிதமாகக் கட்டுப்படுத்தாதவரை, மறுஆய்வு நடக்கும் நாளில் கையில் இருக்கும் விவரங்களை வைத்தே முடிவெடுக்கலாம். இதுதான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம். ஆணை வந்த நாளில் காப்பீடு இல்லை, இன்று இருக்கிறது. அன்று பதிவேடு இல்லை, இன்று வைத்திருக்கிறீர்கள். அன்று இணையதளத்தில் புற்றுநோய் பற்றிய வாசகம் இருந்தது, இன்று இல்லை. இவை எல்லாம் எண்ணப்படும். ஆபத்து இப்போதும் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் இவற்றில்தான் இருக்கிறது.

ஆனால் நேரம். அதே வீகேட் சட்டத்தின் 49ஆம் பிரிவு, மனு பற்றிய அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 28 நாளுக்குள் ஆணையர் தன் காரணங்களையும் தொடர்புடைய எல்லா ஆவணங்களையும் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. 84 நாளில் 28 நாள் என்றால் மூன்றில் ஒரு பங்கு காகிதத்துக்குக் காத்திருந்தே போகிறது. மனுப் போடத் தயங்கிய இரண்டு வாரத்தைக் கூட்டினால் பாதி காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வழிகாட்டல் அமர்வு, எழுத்துச் சாட்சியம், விசாரணைத் தேதி. சாதாரண ஓட்டத்தில் விட்டால் இது 12 வாரத்துக்குள் அடங்காது. ஆணை காலாவதியான பிறகு, தீர்ப்பாயம் நிறுத்தவோ மாற்றவோ கையில் ஒன்றும் மிஞ்சாது. அதோடு ஆணையரின் சொந்த விசாரணை முடியாவிட்டால் அவர் அடுத்த இடைக்கால ஆணையைப் பிறப்பிப்பதும் உண்டு. அது தனி முடிவு என்பதால், பழைய மனு அதை அப்படியே தொட்டுவிடாது. புது ஆணைக்கும் மனு வேண்டும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்து, தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதை ஓரளவு சரிக்கட்ட வழி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். மனுவோடு சேர்த்தே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஆணை முடியும் தேதியைத் தடித்த எழுத்தில் குறிப்பிட்டு அவசர அமர்வு வேண்டும் என்று, 28 நாள் கெடுவைச் சுருக்க வேண்டும் என்று (126ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு), 50ஆம் பிரிவின்கீழ் ஆணையை நிறுத்திவைக்க வேண்டும் என்று. வெறும் மனுவைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், அது பொதுவரிசையில் போய் நிற்கும்.

நிறுத்திவைப்பைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உலவுகிறது. மனுப் போட்டாலே தடை நின்றுவிடும் என்று நினைத்துச் சிலர் கடையைத் திறந்துவிடுகிறார்கள். 50ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: தீர்ப்பாயம் தனியாக உத்தரவு போட்டாலொழிய, மறுஆய்வு மனு ஆணையின் செயல்பாட்டைத் தொடாது. மனு எண் கையில் இருந்தாலும் சிகிச்சை செய்தால் குற்றம் குற்றம்தான்.

நிறுத்திவைப்பு எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஒரு பக்கம் ஒருவரின் பிழைப்பு, மறு பக்கம் அடுத்ததாகக் கதவைத் தட்டி வரும் நோயாளி. தீர்ப்பாயம் பார்ப்பவை: வாதத்தில் சாரம் இருக்கிறதா, நிறுத்தினால் யாருக்கு என்ன கேடு, நிறுத்தாவிட்டால் யாருக்கு என்ன கேடு, பொதுநலன் எந்தப் பக்கம். “வாடகை கட்ட முடியவில்லை” என்ற ஒரு வரி எடுபடாது. வாடகை ஒப்பந்தம், மூன்று மாத வங்கிக் கணக்கு, ஊழியர் சம்பளப் பட்டியல் என்று எண்ணோடு காட்ட வேண்டும். அப்போதும், பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டு என்றால் பண இழப்பு அதற்கு ஈடாகாது.

அதனால்தான் முழு நிறுத்திவைப்பைவிட, குறுகிய தடையை முன்மொழிவது புத்திசாலித்தனம். சட்டமே எல்லாச் சேவையையும் தடுக்கவும், குறிப்பிட்ட சேவையை மட்டும் தடுக்கவும், நிபந்தனை போடவும் இடம் தருகிறது. நல்ல முன்மொழிவு எப்படி இருக்கும்? புகார் ஊசி, தோலைக் கீறும் சிகிச்சை பற்றியது என்றால், அவற்றை முழுக்க விட்டுவிட்டு வாய்வழி ஆலோசனை மட்டும். புகார் கடும் நோய் பற்றிய வாக்குறுதி என்றால், புற்றுநோயாளிகளைப் பார்ப்பதில்லை, மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை, எல்லா விளம்பரமும் முன்கூட்டி ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பப்படும். தொற்றுத் தடுப்பு என்றால், கிருமிநீக்கும் கருவியின் ஓட்டப் பதிவேடு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி வாங்கிய ரசீது, வெளி ஆய்வாளரின் அறிக்கை. ஒவ்வொரு நிபந்தனையையும் வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் தீர்ப்பாயமும் அதை ஏற்காது. “இனி கவனமாக இருப்பேன்” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது.

அறையில் இன்னொருவர் துணைக்கு இருப்பார் என்ற நிபந்தனையைப் பாலியல் புகாரில் முன்மொழிபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது பழைய காலத்து யோசனை. பதிவுள்ள மருத்துவர்கள் விஷயத்தில் 2017இல் வெளிவந்த ரான் பேட்டர்சனின் சுயாதீன ஆய்வு, புகார் விசாரணையில் இருக்கும்போது துணையாளர் ஏற்பாட்டை நம்புவதைக் கைவிடச் சொன்னது. அதற்குப் பதில் குறிப்பிட்ட பாலினத்தவரைப் பார்க்கத் தடை, அல்லது முழு இடைநிறுத்தம் என்றது. காரணம் எளிது: துணையாளர் அந்த அறையில் ஏன் நிற்கிறார் என்பது நோயாளிக்கே தெரியாமல் போகிறது, பல நேரம் துணைக்கு நிற்பவர் அந்த மருத்துவரிடமே சம்பளம் வாங்குபவர். பதிவில்லாதவர் விஷயத்தில், மனைவியோ தம்பியோ துணைக்கு இருப்பார் என்ற முன்மொழிவு அதைவிடப் பலவீனமானது. அதைச் சொல்லாமல் இருப்பதே மேல்.

ஆவணங்கள் வந்ததும், புகார் என்ன சொல்கிறது என்று உணர்ச்சியோடு படிப்பதற்கு முன் தேதிவாரியாக அடுக்குங்கள். சந்திப்புப் பதிவேட்டில் அன்று என்ன இருக்கிறது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா, ரசீதில் என்ன சிகிச்சை எழுதியிருக்கிறது. இங்கேதான் பதிவில்லாதவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் சந்திப்பு, கையில் ரொக்கம், நோட்டுப் புத்தகத்தில் முதல் பெயர் மட்டும். பதிவேடு வைக்காதது தனியே ஒரு விதிமீறல் என்பதோடு, புகாரை மறுக்கும் கருவியும் அதனாலேயே கையைவிட்டுப் போகிறது. இல்லாத பதிவேட்டை இப்போது உட்கார்ந்து எழுதுவதைப் போன்ற தற்கொலை வேறு இல்லை. மையும் மின்கோப்பின் தேதியும் காட்டிக்கொடுத்துவிடும், ஆணையர் தரப்பு அதையே நேர்மையின்மைக்குச் சான்றாக வைக்கும்.

புகார்தாரரைத் தொடர்புகொள்ளவே கூடாது. “பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அக்கா” என்று ஒரு குரல்செய்தி போதும், வழக்கு கெடுவதற்கு. நம் சமூகம் சிறியது. தெரிந்தவர் மூலம் தூது அனுப்புவதும் அதே கணக்குத்தான். இந்த மறுஆய்வில் தரப்பினர் சிகிச்சையாளரும் ஆணையரும்தான். புகார்தாரர் தானாக ஒரு தரப்பாகிவிடுவதில்லை. அவருடைய கோணத்திலிருந்து பார்த்தால் இது சேவையின் குறைதான்: தன் புகாரின்மேல் போடப்பட்ட தடை ஒரு அறையில் அலசப்படுகிறது, அவர் அங்கே அதிகம்போனால் சாட்சி. நிறுத்திவைப்புக் கேட்கும் கட்டத்தில் அவர் தன் அச்சத்தை எழுத்தில் ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவித்து வைப்பது நல்லது.

காவல்துறை விசாரணையும் கூடவே ஓடுகிறது என்றால், சாட்சிக்கூண்டில் ஏறுவதற்குமுன் குற்றவியல் வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். தீர்ப்பாயம் சாட்சிய விதிகளால் கட்டுண்டதல்ல. கேட்டறிந்த செய்தியும் உள்ளே வரும். அங்கே சொன்னது வெளியே வேறு இடத்தில் உங்கள்மீதே திரும்பலாம்.

செலவு விஷயத்தில் இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். 109ஆம் பிரிவின் தொடக்க விதி, அவரவர் செலவு அவரவருக்கு. தோற்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணம் தானாகத் தலையில் விழாது. மனுக் கட்டணத்தில் நிறுவனம், சாதாரணம், சலுகை என்று மூன்று நிலை இருக்கிறது; தனிநபராக மனுப் போட வேண்டியவர் கம்பெனி பெயரைப் போட்டு நிறுவனக் கட்டணம் கட்டுவது அடிக்கடி நடக்கும் வீண் செலவு. ஆணை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து அதே பெயரில் போடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே தன் செலவில் ஏற்பாடு செய்யும். மனுவிலேயே கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் சமாளிப்பேன் என்ற வீராப்பு குறுக்கு விசாரணையில் உதவாது. “பெயின் போய்விடும்” என்றுதான் சொன்னேன் என்பதற்கும் “நோய் போய்விடும்” என்று சொன்னேன் என்பதற்கும் இடையில் முழு வழக்கும் தொங்கும்.

தீர்ப்பாயத்துக்கு ஓடுவதற்கு முன்னாலோ, கூடவேயோ, ஆணையரிடமே ஆணையை நீக்கவோ திருத்தவோ எழுதிக் கேட்கலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காப்பீட்டுச் சான்றிதழ், திருத்திய இணையதளம், முன்மொழியும் நிபந்தனைகள் எல்லாம் ஒரே கட்டாக அனுப்பினால், சில சமயம் விசாரணைக்கு முன்பே அகலம் குறையும். மறுத்தாலும், அந்த மறுப்புக் கடிதம் தீர்ப்பாயத்தில் பயன்படும்.

தோற்றால் மேலே போக வழி உண்டு: 148ஆம் பிரிவின்கீழ், 28 நாளுக்குள், அனுமதி பெற்று, சட்டப் பிரச்சினையில் மட்டும், விக்டோரியா உச்ச நீதிமன்றத்துக்கு. 12 வார ஆணைக்கு அது பெரும்பாலும் யானை விலைக்குப் பூனை. ஆணையரின் விசாரணை முடிவில் வரக்கூடிய நிரந்தரத் தடைக்குத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். எல்லையைத் தாண்டி சிட்னிக்குப் போய்க் கடை போடலாம் என்று யோசிப்பவர்கள் கவனிக்க: நியூ சவுத் வேல்ஸில் பதிவில்லாதவருக்கான விதித்தொகுப்பு 2008 முதலே இருக்கிறது, அங்கே இடைக்கால ஆணையின் காலம் 8 வாரம். 2015இல் எல்லா மாநில சுகாதார அமைச்சர்களும் ஒப்புக்கொண்ட தேசிய விதித்தொகுப்பின் நோக்கமே, ஒரு மாநிலத்தில் தடைபட்டவர் அடுத்த மாநிலத்தில் கதவு திறக்காமல் பார்ப்பதுதான்.

இந்தச் சேவையில் மிகக் கூர்மையான குறை, பெயர். ஆணை அரசிதழிலும் ஆணையரின் இணையதளத்திலும் உடனே வெளியாகிறது. தீர்ப்பாய விசாரணை பொதுவாகத் திறந்த அறையில் நடக்கும், எழுத்துத் தீர்ப்பு இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். தடை நீங்கினாலும், பெயரைத் தட்டினால் குற்றச்சாட்டுகளின் முழு விவரிப்பு தீர்ப்புக்குள் நிற்கும். நோயாளிகளுக்கு இந்த வெளிப்படைத்தன்மை தேவை, அதில் சந்தேகமில்லை. நோயாளிகளின் அடையாளம் வெளிவராமல் காக்கவோ, மிக அரிதாகச் சிகிச்சையாளர் பெயரை மறைக்கவோ உத்தரவு வேண்டுமானால், விசாரணைத் தேதிக்கு முன்பே, காரணத்தோடும் சான்றோடும் கேட்க வேண்டும். தீர்ப்பு ஏறிய பிறகு கேட்டால், அதற்குள் பிரதிகள் பரவியிருக்கும்.